சேலத்தில் பெட் க்ரூமிங் கடை: மெஷினுக்கு டீலர் கடனா, மானியக் கடனா?

கன்னங்குறிச்சி பிரவுனி

எல்லோருக்கும் வணக்கம். நானும் தங்கையும் சேர்ந்து அஸ்தம்பட்டி பக்கம் நாய், பூனைகளைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் க்ரூமிங் கடை போடலாம் என்று இருக்கிறோம். பின்பக்கம் இடம் இருப்பதால் நாலைந்து நாய்களை இரவு தங்க வைக்கிற போர்டிங்கும் நடத்தலாம். நான் கோயம்புத்தூரில் ஒரு கடையில் வேலை பார்த்துத் தொழில் கற்றவள். தங்கை பி.காம்., கணக்கு அவள் பொறுப்பு. இடத்தின் சொந்தக்காரரான வீட்டுக்காரரிடம் பேசியாகிவிட்டது, அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.

வெளியூர் டீலர் ஒருவர் முழு செட்டுக்கும் 6,40,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். எலக்ட்ரிக் க்ரூமிங் டேபிள் இரண்டு, எவர்சில்வர் குளியல் தொட்டி இரண்டு, முடி உலர்த்தும் டபுள் மோட்டார் ப்ளோயர் இரண்டு, சூடாக்கும் கேஜ் டிரையர் ஒன்று, ஆறு கூண்டு, கிளிப்பர், பிளேடு, கத்தரி எல்லாம் அதில் அடக்கம். ஏசி, கீசர், இன்வெர்ட்டர், டைல்ஸ், பிளம்பிங் தனி.

5 லட்சத்துக்கு அவரே ஒரு ஃபைனான்ஸில் கடன் ஏற்பாடு செய்கிறாராம். 12% வட்டி, 3 வருடம், மாதத் தவணை 18,889. வாரத்துக்குள் பணம் கைக்கு வந்துவிடும் என்கிறார். மாமா ஒருவர், அவசரப்படாதே, மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடனுக்குப் போடு என்கிறார். கோடை வருவதற்குள் கடை திறந்தால்தான் வியாபாரம் பிடிக்கும். என்ன செய்யலாம்?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி

வீட்டில் நகை இருந்தால் வைத்துவிட்டு வேலையைப் பாரும்மா. எங்கள் கொலுசுப் பட்டறைக்காரர்கள் அப்படித்தான் சமாளிக்கிறோம். நாலு பேர் கையெழுத்து, நாற்பது பேப்பர் என்று அலைய வேண்டாம்.

ஓய்வுபெற்ற மேனேஜர்

செவ்வாய்ப்பேட்டை நண்பர் சொல்வது பட்டறைக்குச் சரி. வெள்ளி வாங்கி, கொலுசாக்கி விற்றால் பணம் சீக்கிரம் திரும்பி வந்துவிடும், நகையை மீட்டுவிடலாம். குளியல் தொட்டி போட்ட பணத்தை வருடக்கணக்கில்தான் திருப்பித் தரும். ஒரு வருடத்தில் மீட்க வேண்டிய நகையை வைத்து அதை வாங்கினால், கெடு வரும்போது கையில் தொட்டிதான் இருக்கும்.

இப்போது டீலர் கடனுக்கு வருகிறேன். அம்மா, நீங்கள் எழுதிய எண்களிலேயே விஷயம் இருக்கிறது. 5 லட்சத்துக்கு 12% என்றால் வருடத்துக்கு 60,000, மூன்று வருடத்துக்கு 1,80,000. அதை அசலோடு சேர்த்து 36ஆல் வகுத்தால் உங்கள் 18,889 வரும். அதாவது இது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 5 லட்சத்துக்கும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். வங்கி முறையில் குறையும் இருப்புக்கு 12% போட்டால் தவணை 16,607. மொத்த வட்டி 98,000க்குள் அடங்கிவிடும். உங்களிடம் கேட்கிற 18,889ஐ வங்கிக் கணக்கில் போட்டுப் பார்த்தால் அது 21 சதவீதத்துக்கும் மேல்.

ஒன்று செய்யுங்கள். அந்த ஃபைனான்ஸில் முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சிறு தொழில்களுக்கான தவணைக் கடனுக்கும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பிராசஸிங் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து உண்மையான வருட வட்டி எவ்வளவு என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கன்னங்குறிச்சி பிரவுனி

ஐயா, மிக்க நன்றி. தங்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள், நீங்கள் சொன்னதுதான் வருகிறது. மானியக் கடன் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? எங்கள் தொழிலுக்கெல்லாம் கொடுப்பார்களா?

ஓமலூர் பேப்பர் கப்

நான் அந்த வழியாக யூனிட் போட்டவன், சொல்கிறேன் சகோதரி.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள். சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் வரை போகலாம், உற்பத்திக்கு 50 லட்சம். பெண் என்பதால் நீங்கள் சிறப்புப் பிரிவில் வருகிறீர்கள். மாநகராட்சி எல்லைக்குள் மானியம் 25%, கிராமப்புறம் என்றால் 35%. சொந்தப் பங்கு 5% போட்டால் போதும். பொதுப் பிரிவு ஆண் என்றால் 15%, 25%, சொந்தப் பங்கு 10%. விண்ணப்பம் ஆன்லைனில். மையத்தில் பார்த்து வங்கிக்கு அனுப்புவார்கள். வங்கி ஒப்புக்கொண்ட பிறகு தொழில்முனைவோர் பயிற்சி ஒன்று முடிக்க வேண்டும்.

மானியம் கையில் வராது. உங்கள் பெயரில் வங்கியில் 3 வருடம் டெபாசிட்டாக நிற்கும். அதற்கு வட்டி கிடையாது, ஆனால் கடனில் அந்த அளவு தொகைக்கு வங்கியும் வட்டி போடாது. மூன்று வருடம் தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள்.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: கடை புதிதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்னாலேயே மெஷினை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தால், அது நடக்கிற தொழில், தகுதி இல்லை என்று திருப்பிவிடுவார்கள். டீலர் கடனில் முதலில் வாங்கிவிட்டு அப்புறம் மானியம் கேட்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டில் ஒன்றுதான்.

தமிழக அரசின் வேலையற்ற இளைஞர் திட்டம், யு.ஒய்.இ.ஜி.பி., அதுவும் அதே மையத்தில்தான். 25% மானியம், குடும்ப வருமான வரம்பு உண்டு. பெண்களுக்கென்றே மாநில அரசுத் திட்டமும் வந்திருக்கிறது. நிதியாண்டு மாறும்போது விதிகளும் ஒதுக்கீடும் மாறும். அதனால் நேரில் போய் நடப்பில் எது இருக்கிறது, உங்களுக்கு எதில் அதிகம் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஈரோடு கத்தரி

கடன் எங்கே வாங்குவது என்பது இருக்கட்டும், அந்த கொட்டேஷனை முதலில் வெட்டுங்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவன், மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

இரண்டு எலக்ட்ரிக் டேபிள் எதற்கு? ஒன்று ஹைட்ராலிக் வாங்குங்கள், லாப்ரடாரையும் கோல்டனையும் தூக்க அது போதும். இன்னொன்று மடக்கு டேபிள், ஷிட்சு, பொமரேனியன், பூனைக்கெல்லாம் அதுதான் வசதி.

தொட்டியை வெளியூரிலிருந்து லாரி வாடகை கொடுத்து இறக்க வேண்டாம். எவர்சில்வர் உருட்டுகிற ஆலையே இருக்கிற ஊர் உங்களுடையது. உள்ளூர் ஃபேப்ரிகேட்டரிடம் உங்கள் உயரம் சொல்லி, பக்கவாட்டில் கதவும் சாய்வுப் படியும் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஆனால் 304 தரத் தகடா என்று பார்க்க வேண்டும். 202இல் நிக்கல் குறைவு. உப்புத் தண்ணீரும் ஷாம்புவும் பட்டுப்பட்டு வெல்டிங் ஓரத்தில் துரு கட்டும், அந்தச் சொரசொரப்பில் நாயின் பாதம் கிழியும். காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், இரண்டிலுமே பெரிதாக ஒட்டாது. டெஸ்ட் கெமிக்கல் என்று சின்னக் குப்பியில் விற்பார்கள். தகட்டில் ஒரு சொட்டு விட்டால் 202 சிவந்துவிடும். வெல்டிங் போடும் முன்னால், உங்கள் கண் முன்னாலேயே அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ப்ளோயர் நல்லதாக ஒன்று, சாதாரணம் ஒன்று. அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும், ஆர்மேச்சரும் போகும். சேலத்திலேயே மாற்றிக் கொடுக்க ஆள் இருக்கிற மாடலாக வாங்குங்கள். கிளிப்பரில் ஆண்டிஸ் (Andis), வால் (Wahl) மாதிரி தெரிந்த கம்பெனி போதும். ஆனால் 10ஆம் நம்பர் பிளேடு குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று சூடாகிவிட்டால் மாற்றிக்கொண்டு வேலையைத் தொடரலாம். சூடான பிளேடு நாயின் வயிற்றில் பட்டால் தோல் வெந்துவிடும்.

இதிலிருந்து கடனுக்கு வருகிறேன். தொட்டி பத்து வருடம் நிற்கும், ஹைட்ராலிக் டேபிளும் நிற்கும். பிளேடு, கத்தரி, ப்ளோயர் மோட்டார் அப்படி இல்லை. தேய்ந்து தூக்கிப் போட்ட கத்தரிக்கு மூன்றாம் வருடம் தவணை கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நிற்கிற சாமானுக்கு நீண்ட கடன் வாங்குங்கள். தேய்கிற சாமானைக் கைக்காசில் வாங்குங்கள்.

ஆத்தூர் கால்நடை மருத்துவர்

ஈரோட்டுக்காரர் ஒன்றை விட்டுவிட்டார். அந்தச் சூடாக்கும் கேஜ் டிரையரை வாங்காதீர்கள். பக், ஷிட்சு, பெர்ஷியன் பூனை போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சின் வழியாக உடம்புச் சூட்டை வெளியேற்றுவது கஷ்டம். சேலம் வெயிலில் கூண்டுக்குள் சூடான காற்றை விட்டுவிட்டு ஆள் இரண்டு நிமிடம் போன் பேசப் போனால் உயிரே போய்விடும். அந்தப் பணத்தை ஏசிக்கும் இன்வெர்ட்டருக்கும் போடுங்கள். இந்தக் கடையில் ஏசி ஆடம்பரம் இல்லை, மெஷின் பட்டியலில் முதலில் வர வேண்டியது.

போர்டிங் வைக்கிறீர்கள் என்றால் தரைக்குப் பணம் ஒதுக்குங்கள். நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். சாதாரண ஃபினாயில் அதற்குப் போதாது, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் வேண்டும். டைல்ஸ் இடுக்குகளில் தண்ணீர் இறங்காதபடி இருக்க வேண்டும். தடுப்பூசிப் புத்தகம் பார்க்காமல் எந்த நாயையும் உள்ளே விடாதீர்கள், வெறிநாய்த் தடுப்பூசி உட்பட. அப்புறம், முரட்டு நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து முடி வெட்டுவது கடையில் செய்கிற வேலை இல்லை, பதிவு பெற்ற மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும்.

நாமக்கல் ஷிட்சு

எல்லோரும் டீலர் கடனை வேண்டாம் என்கிறீர்கள். நான் அதை எடுத்துத்தான் கடை திறந்தேன், இன்றைக்கும் நடத்துகிறேன். மானியத்துக்குக் காத்திருந்தால் ஒரு கோடை போயிருக்கும். அந்தக் கோடையில் வந்தவர்கள்தான் இன்றைக்கும் என் நிரந்தர வாடிக்கையாளர்கள். வட்டி கூடத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்துத் தெருவில் இன்னொருவர் முதலில் திறந்துவிட்டால் அந்த நஷ்டத்தை எந்த அட்டவணையில் போடுவீர்கள்?

ஓய்வுபெற்ற மேனேஜர்

நியாயமான கேள்வி. நேரத்துக்கும் விலை உண்டு. ஆனால் அவசரத்துக்கு ஃபிளாட் வட்டி ஒன்றுதான் வழி என்று இல்லை. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டம் இருக்கிறது. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். மானியம் கிடையாது, ஆனால் அடமானமும் கிடையாது. சிபில் (பழைய கடன்களைக் கட்டிய வரலாறு) சுத்தமாக, கொட்டேஷன், உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு), வாடகை ஒப்பந்தம் சரியாக இருந்தால் மானியக் கடனைவிடச் சீக்கிரம் முடியும். உத்யம் பதிவு இலவசம், புரோக்கருக்கு ஆயிரம் இரண்டாயிரம் கொடுக்காதீர்கள். உங்கள் பகுதியின் பொதுத்துறை வங்கிக் கிளையிலோ தமிழ்நாடு கிராம வங்கியிலோ கேளுங்கள். கிராம வங்கிக்குத் தலைமையகமே சேலம்தான்.

யாராவது 5 லட்சத்துக்கு வீட்டுப் பத்திரம் கேட்டால், குறு, சிறு தொழிலுக்கு இந்த அளவு கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். மேனேஜருக்கும் அது தெரியும்.

பிரவுனி அம்மாவுக்கு ஒரு கணக்கு. எல்லாம் சேர்த்து 9 லட்சம் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பங்கு 45,000. வங்கி 8,55,000. அதில் திட்ட மதிப்பின் 25% மானியம் 2,25,000 டெபாசிட்டில் நிற்கும். வட்டி ஓடுவது 6,30,000க்கு. தோராயமாக 11%, 5 வருடம் என்றால் மாதம் 13,700 வரும். மாதம் 26 நாள் கடை என்றால், தவணைக்கு மட்டும் ஒரு நாளைக்கு 530 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். வாடகை, கரண்ட், ஷாம்பு, உதவியாள் சம்பளம் போக நிற்கிற 530. ஒரு நாளைக்கு எத்தனை நாய் வந்தால் அது நிற்கும் என்பதை நீங்கள் போட வேண்டும். அது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

ஈரோடு கத்தரி

அந்தக் கணக்கைப் போடும்போது தெருவில் எத்தனை நாய் என்று எண்ண வேண்டாம், முடியை எண்ணுங்கள். சிப்பிப்பாறை, ராஜபாளையம், டாபர்மேன் வைத்திருப்பவர் வீட்டுக் குழாயடியிலேயே குளிப்பாட்டிவிடுவார். ஷிட்சு, கோல்டன், பொமரேனியன், பெர்ஷியன் பூனைதான் மாதாமாதம் வரும். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கத்து அபார்ட்மென்ட்களில் அது எத்தனை என்று ஒரு வாரம் காலையில் நடந்து பாருங்கள். மருந்துக் கடைக்காரரும் பெட் ஷாப்காரரும் சரியாகச் சொல்வார்கள்.

சூரமங்கலம் ஆடிட்டர்

கொட்டேஷன் விஷயத்தில் ஒரு சேர்க்கை. வங்கி பணத்தை உங்களிடம் தராது, விற்பவர் கணக்குக்கு நேரே அனுப்பும். அதனால் தொட்டி செய்கிற ஃபேப்ரிகேட்டருக்கு ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், முறையான பில் வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறவர் எவ்வளவு மலிவாகச் செய்தாலும் அந்தத் தொகை கடனில் வராது. பழைய மெஷினும் அப்படித்தான், வாங்குவதானால் கைக்காசில்தான்.

க்ரூமிங், போர்டிங் சேவைக்கு ஜிஎஸ்டி 18%. கால்நடை மருத்துவச் சேவைக்கு மட்டும்தான் விலக்கு. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவு கட்டாயம் இல்லை. பதிவு இல்லாதபோது மெஷினுக்குக் கொடுத்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது உங்களுக்குச் செலவு. ஆகவே திட்ட அறிக்கையில் வரியோடு சேர்த்த விலையைப் போடுங்கள். பலர் வரி இல்லாத விலையைப் போட்டுவிட்டு பில் வரும்போது திண்டாடுகிறார்கள்.

வருமான வரியில் மெஷினுக்கு வருடம் 15% தேய்மானம். வாங்கிய வருடம் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். மானியத்தை மெஷின் விலையில் கழித்த பிறகுதான் தேய்மானம் போட வேண்டும், தங்கைக்குச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, கரண்ட். ப்ளோயர் ஒன்றே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். கீசர், ஏசி சேர்ந்து ஓடினால் அந்தக் கடையின் இப்போதைய இணைப்பு தாங்காது. வணிகக் கட்டணத்தில் லோடு கூட்ட, மூன்று ஃபேஸ் வாங்க, டெபாசிட் கட்ட ஆகும் செலவை வாடகை ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள்.

ஏற்காட்டுக் காபி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். மலையில் கோடை விழா சமயத்தில் நாய்க் கண்காட்சி நடக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்கு வருகிறவர்களைத் தவிர, வருடம் முழுக்க நாயோடு தங்க வருகிற குடும்பங்களும் அதிகமாகிவிட்டன. இங்கே க்ரூமிங் வேன் ஒன்று விடலாமா என்று எனக்கு ஆசை.

ஓய்வுபெற்ற மேனேஜர்

ஆசை நல்லதுதான் தம்பி. ஆனால் வேன் என்றால் அது வாகனக் கடன், கணக்கே வேறு. உள்ளே தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் வைத்து மாற்றுவதற்கு ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும். நிறைந்த தொட்டியோடு இருபது ஹேர்பின் வளைவு ஏற வேண்டும். ஊராட்சி எல்லையில் ஒரு நிலையான கடை என்றால் கிராமப்புற மானிய விகிதமே கிடைக்கும், அதை முதலில் விசாரியுங்கள். தனி இழை போடுங்கள், விவரமாகப் பேசுவோம்.

கன்னங்குறிச்சி பிரவுனி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு நானும் தங்கையும் பட்டியலை மறுபடி எழுதினோம். கேஜ் டிரையர் நீக்கம். டேபிள் ஈரோட்டு அண்ணா சொன்னபடி. தொட்டி உள்ளூரில், பில்லோடு. கூண்டு ஆறுக்குப் பதில் நாலு. மெஷின் 3,70,000, ஏசி, கீசர், இன்வெர்ட்டர், மின் இணைப்பு 1,80,000, தரை, பிளம்பிங் 1,50,000, அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனம் 2,00,000. மொத்தம் 9 லட்சம். கத்தரி, பிளேடு என் சேமிப்பில். டீலரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

கோடை போனால் போகட்டும், மானியக் கடனுக்கே போடுகிறோம். இரண்டு கேள்வி. நடைமுறை மூலதனம் 2 லட்சம் அதிகமா? கடன் வரும் வரை நான் வீடுகளுக்குப் போய் க்ரூமிங் செய்யலாமா, அது நடக்கிற தொழில் என்று ஆகிவிடுமா?

ஓய்வுபெற்ற மேனேஜர்

அதிகம் இல்லை. நான் பார்த்த வரையில் சின்னக் கடைகள் மெஷின் இல்லாமல் மூடியதில்லை, நாலாவது மாத வாடகை இல்லாமல் மூடியிருக்கின்றன. ஆனால் அது கேஷ் கிரெடிட்டாக, அதாவது ஒரு வரம்புக்குள் தேவைக்கு எடுத்துத் திருப்பிக் கட்டுகிற கணக்காக வரும். மூன்று வருடத்துக்குள் ஒரு முறையாவது முழு வரம்பையும் எடுத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மானியத்தில் கை வைப்பார்கள். தவணை தொடங்கும் முன் அவகாசம் கேளுங்கள், திட்டத்தில் இடம் உண்டு. அந்த மாதங்களில் வரும் காசை வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் தவணைக் கணக்கிலேயே விட்டு வையுங்கள். மெஷின்களுக்கு வங்கி பெயர் சேர்த்து இன்சூரன்ஸ் போடச் சொல்வார்கள், தீ மட்டும் போதாது, மின் கோளாறும் சேர்த்துக் கேளுங்கள்.

சூரமங்கலம் ஆடிட்டர்

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். தெரிந்தவர் வீட்டுக்குப் போய் உங்கள் கத்தரியால் வேலை செய்வது உங்கள் கைத்தொழில், அனுபவத்துக்கு அதுவே சாட்சி. ஆனால் கடைப் பெயரில் பில் புத்தகம், வங்கியில் நடப்புக் கணக்கு, போர்டு எதுவும் இப்போது வேண்டாம். உத்யம் பதிவில் தொழில் தொடங்கிய தேதி விண்ணப்பத்துக்கு முன்னால் விழுந்தால் கேள்வி வரும், அதனால் மையத்தில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரரிடமும் இப்போதைக்கு இடம் தரச் சம்மதம் என்று கடிதம் மட்டும் வாங்குங்கள். வங்கி ஒப்புதல் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போடலாம்.

கன்னங்குறிச்சி பிரவுனி

சரிங்க சார். திங்கட்கிழமை மையத்துக்குப் போகிறோம். வந்து எழுதுகிறேன்.

ஓமலூர் பேப்பர் கப்

போகும்போது ஆதார், படிப்புச் சான்று, கொட்டேஷன், திட்ட அறிக்கை எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள் சகோதரி. இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள்.